பறை காய்ச்ச இடமில்லாத ஸ்டுடியோ

பறைக்குழு ஒன்று ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது நெருப்பு மூட்ட ஓரிடம். வேப்பமரச் சட்டத்தில் இழுத்து ஒட்டிய மாட்டுத்தோலைக் காய்ச்சினால்தான் பறைக்குக் குரல் வரும். வைக்கோலோ காகிதமோ கொளுத்தி, தோலை அனலில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, கணீரென்று வந்ததும் தோளில் மாட்டிக்கொள்வார்கள். கோயில் கொடையிலும் சாவு வீட்டிலும் அதற்கென்றே ஓரமாக ஒரு நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். ஸ்டுடியோவிலோ சுவரெல்லாம் பஞ்சு, தரையெல்லாம் கம்பளம், தலைக்கு மேலே புகை வந்தால் அலறும் கருவி. ஆகவே வாசலுக்குப் போய்க் காய்ச்சிக்கொண்டு உள்ளே ஓடி வர வேண்டும். மைக் வைத்து, அளவு பார்த்து, ஹெட்போன் மாட்டி முடிப்பதற்குள் தோல் இறங்கத் தொடங்கிவிடும்.

இறங்கினால் என்ன? முதல் டேக்குக்கும் ஐந்தாவது டேக்குக்கும் நடுவில் பறையின் சுருதியே மாறியிருக்கும். முதல் டேக்கின் தொடக்கத்தையும் ஐந்தாவதின் முடிவையும் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்ட சவுண்ட் இன்ஜினீயர் கையில் கிடைப்பது இரண்டு வேறு வேறு பறைகள். ஹாலஜன் விளக்கு, மின் அடுப்பு என்று சிலர் சமாளிக்கிறார்கள். ஃபைபர் போர்த்திய பறையைக் கொண்டுவரச் சொல்பவர்களும் உண்டு. அது இறங்காது என்பது உண்மை. தோலுக்கு அடியில் இருக்கும் கனம் அதில் கிடையாது என்பதும் உண்மை.

நாட்டுப்புற இசையை ஆல்பமாக்கும் வேலையில் உள்ள பெரும்பாலான சிக்கல்கள் இந்த நெருப்புப் பிரச்சினையின் உறவுக்காரர்கள்தான். நம் ஸ்டுடியோக்கள் சினிமாப் பாட்டுக்காகக் கட்டப்பட்டவை. அங்கே ஊறிப்போன வேலைமுறையும் சினிமாவுக்கானது. இன்று சினிமாவை நம்பாமல் சொந்தமாக ஆல்பம் போட நினைக்கும் கலைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு நல்ல மைக் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். ஆனால் கருவிகளோடு சேர்ந்து சினிமா ஸ்டுடியோவின் பழக்கங்களும் வீட்டு ஸ்டுடியோவுக்குள் குடிவந்துவிட்டன. ஒரு நாட்டுப்புற ஆல்பம் தேறுமா தேறாதா என்பது மிக்ஸிங்குக்கு வெகு முன்னாலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் கட்சி. பாடுகிறவருக்கு எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், பாட்டுக்குக் கீழே யார் பெயர் வரப்போகிறது, இந்த இரண்டும்தான் அதை முடிவு செய்கின்றன.

எதிர்ப்பாட்டுக்கு ஆள் வேண்டும்

சினிமா ஒலிப்பதிவில் இன்று எல்லாரும் ஒன்றாக உட்கார்வது அபூர்வம். முதலில் கிளிக், அதன்மேல் கீபோர்டு, அப்புறம் தாளம், கடைசியாகப் பாடகர் கண்ணாடி அறைக்குள் தனியாக. ஒவ்வொருவர் ஒலியும் தனித் தடத்தில் சுத்தமாக விழும். தவறைத் திருத்துவது சுலபம். மெட்டு ஏற்கெனவே தீர்மானமான பாட்டுக்கு இது நல்ல முறைதான், குறை சொல்ல எதுவும் இல்லை.

கும்மியை இப்படிப் பதிந்து பாருங்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட, கைத்தட்டல் இரண்டுக்கும் நடுவில் பாலம் போடும் பாட்டு அது. வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொல்லி நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போட வேண்டும். அந்த ‘ஆமா’ எங்கே விழுகிறது, எவ்வளவு உற்சாகத்தோடு விழுகிறது என்பதை வைத்துத்தான் புலவர் அடுத்த வரியின் வேகத்தை முடிவு செய்கிறார். நெல்லைப் பக்கம் சுடலைமாடன் கோயில் கொடைகளில் நடக்கும் கணியான் கூத்தில், அண்ணாவி பாடிவிட்ட வரியைப் பின்பாட்டுக்காரர் காதைக் கையால் பொத்திக்கொண்டு வாங்கி இழுப்பார். தன் குரலைத் தானே கேட்டுக்கொள்ள அவர் கண்டுபிடித்த மானிட்டர் அந்தக் கை. அந்தக் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, “ஐயா, நேற்று அண்ணாவி பாடிவிட்டுப் போய்விட்டார், நீங்கள் இப்போது பின்பாட்டு மட்டும் பாடுங்கள்” என்றால் அவர் என்ன செய்வார்? பாடுவார். காசு வாங்கியாயிற்றே. ஆனால் அது கூத்தாக இருக்காது.

மாற்று வழி புதிதல்ல, பழையதுதான். எல்லாரையும் அவர்கள் வழக்கமாக உட்காரும் அரைவட்டத்திலேயே உட்கார வைப்பது. அவர்களுக்கு எதிரே, கேட்பவர் காது இருக்கும் இடத்தில் ஒரு ஸ்டீரியோ ஜோடி மைக். முதன்மைப் பாடகருக்கும் ஒலி குறைந்த கருவிகளுக்கும் மட்டும் பக்கத்தில் துணை மைக். ஆல்பத்தின் உடம்பு அந்த ஜோடி மைக்கில்தான் இருக்கும், மற்றவை நகாசு வேலை. இதில் ஒருவர் ஒலி இன்னொருவர் மைக்கில் கசியும். இன்ஜினீயர்கள் ‘ப்ளீட்’ என்பார்கள். கசிந்துவிட்டால் ஒருவருடைய தவறைத் தனியாக அழிக்க முடியாது, அதனால் பயப்படுகிறார்கள். விடிய விடியப் பாடிப் பழகிய குழுவுக்கு இந்தப் பயம் கிடையாது. பயம் முழுக்க ஹெட்போன் போட்டவருக்குத்தான்.

அரைவட்டம் ஸ்டுடியோவுக்குள் அடங்காவிட்டால் ஸ்டுடியோ வெளியே போகலாம். கீற்றுக் கொட்டகை ஒலியை விழுங்கிக்கொள்ளும், அது பாட்டின் சொல்லுக்கு நல்லது. கல் மண்டபம் நாதஸ்வரத்தைத் தூக்கிக் கொடுக்கும், சொல்லைக் குழப்பிவிடும். பள்ளிக்கூட வகுப்பறையில் எதிரெதிர்ச் சுவர்கள் கைத்தட்டலைப் பந்தாடும். கோணிச்சாக்கைத் தொங்கவிட்டால் கொஞ்சம் அடங்கும். நெல் மூட்டை அடுக்கிய அறை கிடைத்தால் பாக்கியம். அறையைவிடப் பெரிய எதிரி ஊர். எங்கோ ஒரு காதுகுத்துக்கு ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். பம்புசெட் ஓடும். காக்கைக்கு நேரம் காலம் கிடையாது. மின்சாரம் போனால் விசிறிச் சத்தம் நிற்கும், அது ஒரு நன்மை. பேட்டரியில் ஓடும் கையடக்க ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு, ஊர் அடங்கியபின் உட்காருவதே அனுபவஸ்தர்கள் வழி.

இப்படிச் செய்து சாதித்தவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி தாக்கிய கரைகளின் இசையைத் தேடி எர்த்சிங்க் என்ற சென்னை நிறுவனம் இந்தியா, இலங்கை, மாலத்தீவு, மியான்மர், தாய்லாந்து, இந்தோனேசியா என ஆறு நாடுகளுக்குப் போய், அந்தந்த ஊர்க்காரர்களை அவர்கள் இடத்திலேயே பாடவைத்துப் பதிந்தது. ‘லயா புராஜெக்ட்’ என்று இசையும் படமுமாக அது வந்தது. ஓர் ஊரில் பதிந்த குரலுக்கு இன்னோர் ஊரின் கருவியைப் பின்னால் சேர்த்த இடங்களும் அதில் உண்டு. ஆனாலும் அந்தந்தக் குரலோடு அந்தந்த ஊரின் காற்றும் சேர்ந்தே வருகிறது. நாகூர் தர்காப் பாடகர்களை வைத்து அவர்கள் செய்த ‘நாகூர் செஷன்ஸ்’ அதன் தொடர்ச்சி.

ராஜஸ்தானில் இன்னொரு உதாரணம். ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டைக்குள் ரேடியோஹெட் குழுவின் ஜானி கிரீன்வுட், இசையமைப்பாளர் ஷை பென் ட்ஸூர், ராஜஸ்தானியக் கலைஞர்கள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பதிந்த ‘ஜுனூன்’ ஆல்பம் 2015இல் வெளியானது. உலகின் எந்தப் பெரிய ஸ்டுடியோவையும் வாடகைக்கு எடுக்கக்கூடிய நைஜல் காட்ரிச்தான் இன்ஜினீயர். அந்தப் பதிவைப் படமாக்கிய பால் தாமஸ் ஆண்டர்சன் மின்வெட்டையும் புறாவையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்.

ஒவ்வொரு தோலுக்கும் ஒரு காது

பறையடிப்பவர் கையில் இரண்டு குச்சிகள். தடித்துக் குட்டையானது அடிக்குச்சி, நீண்டு மெலிந்தது சுண்டுக்குச்சி. ஒன்று இடிக்கும், மற்றது வெடிக்கும். மைக்கைத் தோலுக்கு அருகே கொண்டுபோனால் வெடி மட்டும் விழும், இடி விழாது. மூன்று நான்கு அடி தள்ளி, ஆட்டக்காரரின் நெஞ்சு உயரத்தில் ஒன்றும், திறந்திருக்கும் பின்புறத்தில் இன்னொன்றும் வைத்தால் இரண்டும் சேரும். ஒரு நுட்பம் இருக்கிறது. தோல் ஒரு மைக்கை நோக்கி நகரும் அதே கணத்தில் மற்ற மைக்கை விட்டு விலகுகிறது. இரண்டையும் அப்படியே கலந்தால் அடிக்கனம் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு தடத்தின் போலாரிட்டியைத் திருப்பிவிட வேண்டும். ஒரே ஒரு பொத்தான்தான். அதை அழுத்தாமல் விட்டுவிட்டு ‘பறையில் பேஸ் இல்லை’ என்று ஈக்யூவில் ஏற்றுகிறவர்கள் அதிகம்.

அளவு வைப்பதிலும் பறை ஏமாற்றும். சோதனைக்கு அடிக்கும்போது அடக்கி அடிப்பார்கள். ஆட்டம் சூடுபிடித்ததும் முள் சிவப்புக்குப் போகும். டிஜிட்டலில் சிவப்பைத் தாண்டினால் ஒலி கிழியும், அந்தக் கிழிசலுக்குத் தையல் கிடையாது. சோதனையில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைத்துக்கொண்டால் பிழைக்கலாம். 32-பிட் ஃப்ளோட் முறையில் பதியும் சிறிய ரெக்கார்டர்கள் வந்தபின் வெளியூர்ப் பதிவில் இந்தக் கவலை பாதி குறைந்திருக்கிறது.

உறுமிக்கு வேறு வைத்தியம். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த ‘உர்ர்’தான் அதன் உயிர். ஒலி தணிந்ததும் தானாக வாயை மூடும் ‘நாய்ஸ் கேட்’டைப் போட்டால் உறுமலின் வால் அறுந்துபோகும். போதாக்குறைக்கு அதன் அடியொலியைக் கைபேசி ஸ்பீக்கர் காட்டுவதே இல்லை. நம் ஜனங்களில் பலர் பாட்டுக் கேட்பது கைபேசியில்தான். ஆகவே மிக்ஸில் அந்த அடியொலிக்கு மேலே உள்ள இழைகளைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. பெரிய ஸ்பீக்கரில் கேட்டுத் திருப்தியோடு வீட்டுக்குப் போகிற இன்ஜினீயர், போகிற வழியில் ஒரு டீக்கடையில் கைபேசியில் போட்டுக் கேட்பது நல்லது.

நாதஸ்வரத்தின் ஒலி அடியில் விரியும் அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, உலவு என்கிற குழலின் துளைகள் எல்லாவற்றிலிருந்தும் வருகிறது. அணசுக்கு நேராக மைக்கை நீட்டினால் காது கிழியும், குழைவு போய்விடும். கொஞ்சம் உயரத்தில், தள்ளி வைத்தால் போதும். நையாண்டி மேளத்தில் இந்த நாதஸ்வரமும் தவிலும் பம்பையும் ஒரே நேரத்தில் முழங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாடும் அம்மாவின் குரலை எப்படிக் காப்பாற்றுவது? ஊரில் எப்படிக் காப்பாற்றுகிறார்களோ அப்படித்தான். குரல் வரும்போது மேளம் ஒதுங்கும், குரல் ஓய்ந்ததும் புகுந்து விளையாடும். கலைஞர்களுக்குத் தெரிந்த இந்த ஏற்பாட்டைக் கலைத்து எல்லாரையும் எல்லா நேரமும் வாசிக்கச் சொல்லிவிட்டு, பிறகு மிக்ஸில் இடம் தேடுவது வீண் வேலை.

கிளிக் என்கிற மேஸ்திரி

ஹெட்போனில் டக் டக்கென்று தட்டும் கிளிக், கட்டட வேலையில் நின்று விரட்டும் மேஸ்திரி மாதிரி. வேலை ஒழுங்காக நடக்கும், யாரும் வாய்விட்டுச் சிரிக்க மாட்டார்கள். ஒயிலாட்டமோ கோலாட்டமோ மெல்லத் தொடங்கி, மூச்சு வாங்கும் வேகத்தில் முடியும். வேகம் கூடுவதைப் பிழையாகக் கருதும் கிளிக்கை அங்கே வைத்தால் ஆட்டத்தின் நோக்கமே அடிபட்டுப் போகும். கிட்டாரோ எலக்ட்ரானிக் ஒலியோ பின்னால் சேர்க்க வேண்டும், அதற்குக் கட்டம் வேண்டும் என்றால், முதலில் கிளிக் இல்லாமல் பதிந்துகொண்டு, அந்தப் பறையின் போக்குக்கேற்பக் கணினியில் கட்டத்தை வரைந்துகொள்ளலாம். ‘டெம்போ மேப்’ என்பார்கள். ஒரு மாலை நேரம் உட்கார்ந்து செய்கிற பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கணினி மனிதருக்குப் பின்னால் நடக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள கொள்கை.

சுருதியும் அப்படியே. வயலில் பாடிய அம்மாவிடம் “எந்த சுருதி?” என்று கேட்பதில் அர்த்தமில்லை. அவர் தொண்டைக்கு வாகான இடத்தில் எடுப்பார். அது ஹார்மோனியத்தின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில்கூட இருக்கலாம். உற்சாகம் ஏற ஏறச் சற்று மேலேயும் நகரும். கிட்டாரை அவருக்கு ஏற்பத் திருகிக்கொள்வது சில நிமிட வேலை. அவரைக் கிட்டாருக்கு ஏற்பத் திருகுவது வன்முறை. அந்த வன்முறைக்கு 1997இல் ஆட்டோ-டியூன் என்ற கருவி வந்தது. எந்த ஸ்வரத்துக்கும் சேராத இடத்தில் ஒப்பாரிக்காரர் வேண்டுமென்றே நின்று நடுக்குவதை அது பிசகு என்று நினைத்துப் பக்கத்து ஸ்வரத்துக்குத் தள்ளிவிடும். அழுகை அடங்கிவிடும். நாட்டுப்புறக் குரலின் மீது ஆட்டோ-டியூனை அலங்காரமாக, தெரிந்தே, விளையாட்டாகப் போடுவதை நான் ஒப்புக்கொள்வேன். ‘திருத்த’ப் போடுவதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஃப்யூஷன் கெட்ட வார்த்தை என்று சொல்ல வரவில்லை. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதல் மேடை ஏறியபோது கானாவும் பறையும் கிட்டாரும் ராப்பும் ஒன்றாக நின்றன. அங்கே பறை ஊறுகாயாக வைக்கப்படவில்லை, சொல்லுக்குச் சமமாக நின்று பேசியது. மேற்கத்திய டிரம்ஸும் பறையும் ஒரே அலைவரிசையில் இடித்துக்கொள்ளும் என்பதால் எங்காவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். எது விட்டுக்கொடுக்கிறது என்பதைக் கேட்டாலே அந்த ஆல்பத்தின் அரசியல் புரிந்துவிடும்.

வீட்டுக்குள் பாடக்கூடாத பாட்டு

பாட்டுகளுக்கு நேரமும் இடமும் உண்டு. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்று பல பெண்கள் மறுத்துவிடுவார்கள். “சும்மா ரெக்கார்டிங்தானே பாட்டி” என்று சொல்லிப் பயனில்லை. சும்மா பாடுவதுதான் ஆகாது. ஊருக்கு வெளியே மரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பதிந்த ஆய்வாளர்கள் உண்டு. பாட மறுத்தால் மறுப்பை மதித்துவிட்டு வருவதும் ஒரு தயாரிப்பாளரின் வேலையில் சேர்த்திதான்.

தொழிற்பாட்டில் சிக்கல் வேறு மாதிரி. நடவுப் பாட்டின் மூச்சு குனிந்து நிமிரும் உடம்பிலிருந்து வருகிறது. அம்பாப் பாட்டின் அழுத்தம் வலை இழுக்கும் கைகளிலிருந்து வருகிறது. ஏற்றப்பாட்டு எத்தனை சால் இறைத்தோம் என்று எண்ணிக்கொண்டே போகும். நாற்காலியில் உட்கார வைத்துப் பாடச் சொன்னால் சொல் வரும், மூச்சு வராது. கைக்கு ஒரு வேலை கொடுத்தால் பாதி திரும்பி வரும். முடிந்தால் வயலுக்கே போய்விடலாம். சேற்றுச் சத்தத்தோடு பதிந்த சுமாரான பதிவு, சத்தமில்லாத நல்ல பதிவைவிட மேல் என்பேன். இன்ஜினீயர்கள் சண்டைக்கு வரலாம்.

கேசட்டிலிருந்து கைபேசிக்கு

சினிமாவுக்கு வெளியே நாட்டுப்புற இசைக்கு ஒரு சந்தை இருந்தது என்பதை இளைஞர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. கே. ஏ. குணசேகரன் ‘தன்னானே’ குழுவோடு ஊர் ஊராகப் பாடியதும், இன்குலாப்பின் ‘மனுசங்கடா’வை மேடைகளுக்குக் கொண்டுபோனதும் கேசட் காலத்தில். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் நவநீதகிருஷ்ணனும் கிராமங்களில் திரட்டிய பாடல்களைப் பாடிப் பரப்பினார்கள். 2018இல் விஜயலட்சுமிக்குப் பத்மஸ்ரீ வந்தது. புஷ்பவனம் குப்புசாமியின் கேசட்டுகள் பேருந்துகளில் ஓடின. இதே காலத்தில் சினிமாவும் கதவைத் திறந்தது. கொல்லங்குடி கருப்பாயி 1985இல் ‘ஆண்பாவம்’ படத்திலும், பரவை முனியம்மா 2003இல் ‘தூள்’ படத்திலும் வந்தார்கள். கதவு திறந்தது நல்லதுதான். ஆனால் சினிமாவுக்குள் போன நாட்டுப்புறக் குரலுக்குப் பெரும்பாலும் கிடைப்பது அன்றைய சம்பளம். ஆல்பம் என்பது சொத்து. அந்த வித்தியாசம்தான் இன்றைய சுயாதீனக் கலைஞர்களை இழுக்கிறது.

2020 டிசம்பரில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ கானாவுக்கும் பறைக்கும் ஒப்பாரிக்கும் சென்னையின் இசைப் பருவத்தில் மேடை போட்டது. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ. மேடையும் மரியாதையும் வந்துகொண்டிருக்கின்றன. பணம் வருவதுதான் தாமதமாகிறது.

கையெழுத்துப் போடும் முன்

அமெரிக்காவில் நடந்த ஒரு கதை. ஜான் லோமாக்ஸும் மகன் ஆலனும் 1933இல் சுமார் 140 கிலோ எடையுள்ள பதிவுக் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு சிறைச்சாலைகளுக்குப் போனார்கள். லூசியானாவின் அங்கோலா சிறையில் லெட் பெல்லி என்ற கறுப்பினப் பாடகரைக் கண்டடைந்தார்கள். அவர் பாடிய ‘குட்நைட், ஐரீன்’ 1950இல் வேறொரு குழு பாடி அமெரிக்கப் பாட்டுப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. லெட் பெல்லி 1949 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். பாட்டுக்குக் கீழே அவர் பெயரோடு ஜான் லோமாக்ஸின் பெயரும் ஆசிரியராக இருந்தது. பதிவு செய்தவர் பாடலாசிரியர் ஆன கதை இது.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ சினிமா இல்லாமல் ஒரு தமிழ்ப் பாட்டு எவ்வளவு தூரம் போகும் என்று காட்டியது. யூடியூபில் மட்டும் 40 கோடிக்கு மேல் பார்வைகள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையும் ஒப்பாரியின் சாயலும் அதற்குள் இருந்தன. யார் எழுதியது, யார் மெட்டுப் போட்டது என்று 2022இல் ராப் பாடகர் அறிவு, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், பாடகி தீ மூவரும் தனித்தனியே விளக்கம் சொல்லும் நிலை வந்தது. அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். இவ்வளவு பேர் தெரிந்த கலைஞர்களுக்கே இந்த நிலை என்றால், பெயர் போடாமல் ‘கிராமியக் குழு’ என்று போடப்படும் ஏழெட்டுப் பேரின் நிலை?

சட்டம் நாம் நினைப்பதைவிட நல்ல நிலையில் இருக்கிறது. பரம்பரைப் பாட்டுக்கு ஆசிரியர் இல்லை, ஆகவே அதன் சொல்லுக்கும் மெட்டுக்கும் யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் பாட்டு பொதுச்சொத்து என்பதால் பாடிய குரல் பொதுச்சொத்து ஆகிவிடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு. அது 50 ஆண்டுகள் நிற்கும். 2012இல் வந்த திருத்தம் அதை இன்னும் பலப்படுத்தியது. வணிகத்துக்குப் பயன்பட்டால் ராயல்டி கேட்கலாம். தன்னைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டும்படி கேட்கும் உரிமையையும் பிரிவு 38பி தருகிறது. பெயர் போடுவது தயாரிப்பாளரின் பெருந்தன்மை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

எழுத்தில் கையெழுத்து இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்கிறது. இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்ற இரண்டு சொற்களை மறக்காமல் சேர்த்துவிடுகிறார்கள், அதுவும் ஆங்கிலத்தில். கைநாட்டு வைக்கிறவருக்கு அந்த இரண்டு சொற்களின் விலை தெரியாது.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒரு நிறுவனம் ஒரு பாட்டி பாடிய பதிவை, ஒலியை அடையாளம் கண்டு உரிமை கோரும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் ஏற்றிவிட்டால், பின்னாளில் அதே பாட்டியின் பேரன் அந்தப் பதிவைப் போட்டாலும் உரிமைக் கோரிக்கை வரும். சொந்தப் பாட்டியின் குரலுக்குப் பேரன் விளக்கம் எழுத வேண்டும்.

முப்பது விநாடிக்குள் சாமி வர வேண்டும்

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 விநாடி கேட்டால்தான் ஒரு கணக்கு. 2024 முதல், கடந்த 12 மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பங்கு கிடையாது. நம் பாட்டோ காப்பு பாடி, விநாயகரைக் கூப்பிட்டு, ஊர்ச்சாமிகளை வரிசையாக வணங்கி, மெல்லத்தான் கதைக்கு வரும். கூப்பிட்டு முடிப்பதற்குள் கேட்பவர் கைபேசியைத் தள்ளிவிட்டிருப்பார். காப்பைத் தனித் தடமாக வைத்துவிட்டு, கதையை அடுத்த தடத்தில் தொடங்குவது ஒரு நியாயமான சமரசம். காப்பையே வெட்டி எறிவது நியாயமில்லை.

மாஸ்டரிங்கில் ஒலியை நசுக்கி ஏற்றும் பழக்கமும் இங்கே தேவையற்றது. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய மைனஸ் 14 லஃப்ஸ் என்ற ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. நசுக்கி ஏற்றிய பறையை அது இறக்கிவிடும், நசுங்கல் மட்டும் மிஞ்சும். அடிக்கும் அடிக்கும் நடுவில் உள்ள மௌனத்தை விட்டுவைத்த பறைதான் கடைசியில் பெரிதாகக் கேட்கும்.

வெளியீட்டுப் படிவத்தில் ஒவ்வொரு தடத்துக்கும் பாடியவர், வாசித்தவர், தொகுத்தவர் என்று கட்டங்கள் இருக்கின்றன. ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து அடையாள எண் ஒவ்வொரு பதிவுக்கும் உண்டு. அதோடு ஒட்டிக்கொண்டுதான் பெயரும் பணமும் பயணம் செய்கின்றன. அந்தக் கட்டங்களை நிரப்ப ஒரு மணி நேரம் ஆகும். பம்பைக்காரரின் முழுப்பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் ஊர் திரும்பிவிட்டால் அந்த ஒரு மணி நேரமும் பயன்படாது.

ஆல்பம் போடக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். மைக் வாங்கும் முன் ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதுங்கள். எத்தனை ஆண்டு, எந்த நாடு, வருவதில் யாருக்கு எவ்வளவு என்று போடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒருவரை வைத்து வாசித்துக் காட்டுங்கள். பதிவு முடிந்ததும் கையெழுத்தான ஒரு பிரதியையும், மிக்ஸ் செய்யாத மூலப்பதிவு உள்ள பென் டிரைவையும் பாடியவர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.